கரைகிற நிறம், கரையாத நிறம்

போன சீசனில் குற்றாலம் போய்விட்டு ஆலங்குளம் வீட்டுக்குத் திரும்பினோம். வழியில் மகளுக்கு வாங்கிக் கொடுத்த சிவப்பு மிட்டாயில் ஒன்றை எடுத்து அம்மா ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். தண்ணீர் சிவந்தது. "ஏய்யா, பாத்தியா, சாயம் போவுது. இதப் போயி பிள்ளைக்கு வாங்கிக் குடுத்திருக்கியே!"

அம்மாவின் பயம் நியாயமானது. பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி இருப்பது ஆய்வில் தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது. ரோடமின் பி துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற தொழிற்சாலைச் சாயம். ஆனால் அந்த ஆபத்தை டம்ளர் சோதனை காட்டுமா? தேடிப் படித்தேன். காட்டாது.

மிட்டாய், மாத்திரைக்கெல்லாம் நிறம் தருவதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, தண்ணீரில் கரையும் சாயம். சர்பத், ஐஸ், பாகு மிட்டாய்க்கு இதுதான். இன்னொன்று லேக். நான் முதலில் ஏரி என்றே நினைத்தேன், ஊர்ப் பேரிலேயே குளம் இருக்கிறதே! உண்மையில் அது அரக்கைக் குறிக்கும் 'லாக்ஷா' என்ற வடசொல்லிலிருந்து கிளைத்த பெயர். சாயத்தை அலுமினியம் ஹைட்ராக்சைடு தூளோடு பிணைத்துவிட்டால் அது லேக். தண்ணீரிலும் கரையாது, எண்ணெயிலும் கரையாது. நுண்ணிய தூளாகப் பரவித்தான் நிறம் காட்டும். அதனால்தான் கொழுப்புள்ள மிட்டாய்ப் பூச்சு, லிப்ஸ்டிக், மாத்திரையின் மேல்பூச்சு எல்லாவற்றுக்கும் லேக். கடும் அமிலத்திலோ காரத்திலோ மட்டும் அலுமினியம் பிடியை விடும், சாயம் கசியும்.

வீட்டிலேயே செய்து பார்த்தேன். வெங்காயத் தோலை வேகவைத்து வடிகட்டி, அதில் படிகாரத்தைக் கரைத்து, சலவை சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். நுரைத்துப் பொங்கியது. பிறகு மஞ்சள் வண்டல் அடியில் இறங்கியது. அதுதான் லேக். (சாப்பிட அல்ல!)

இப்போது அம்மாவின் டம்ளருக்கு வருவோம். இந்தியாவில் உணவுக்கு அனுமதித்த செயற்கைச் சாயங்கள் 8. எட்டுமே தண்ணீரில் கரையும், ஆக எட்டுமே அம்மாவிடம் ஃபெயில். மாறாக, ரோடமின் பி-யையே லேக் ஆக்க முடியும். அது பாஸ் ஆகிவிடும்! கரைவது வேறு, கெடுதல் வேறு.

பார்க்க வேண்டியது பாக்கெட்டின் பின்பக்கம். டார்ட்ரசின் என்றால் 102, சன்செட் யெல்லோ 110, கார்மோசின் 122 என்று எண் இருக்கும்.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இந்த மிட்டாய்ல என்ன நம்பர் போட்டிருக்கு?" என்றார்.

அது உதிரி மிட்டாய். குப்பையில் போட்டேன்.