நீர் மாத்திரை: அளவும் நேரமும் முக்கியம்

நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் சாப்பிடும் 'நீர் மாத்திரை' ஃபுரோசமைடு. லாசிக்ஸ் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். இதயம் பலவீனமாகியோ, சிறுநீரகம், கல்லீரல் பழுதாகியோ உடலில் நீர் தேங்கும்போது மருத்துவர் இதைத் தருகிறார். சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சாமல் இது தடுக்கிறது. உப்போடு நீரும் வெளியேற, கால் வீக்கமும் மூச்சிரைப்பும் குறைகின்றன.

சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, சுமார் 6 மணி நேரம் நீடிக்கும். அதனால்தான் பெரும்பாலும் காலையில் சாப்பிடச் சொல்கிறார்கள். இரவில் சாப்பிட்டால் அடிக்கடி எழ வேண்டிவரும். இருட்டில் தடுமாறி விழவும் நேரலாம்.

உப்போடு பொட்டாசியமும் போய்விடும். கால் பிடிப்பு, தலைசுற்றல், படபடப்பு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் சொல்லும்போது இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பொட்டாசியத்துக்காக இளநீரை நாமாகக் கொடுக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவற்றைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டால், நீர் மாத்திரையின் பலன் குறையும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

தினமும் காலையில் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால், மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றே கேளுங்கள்.

நோன்பு வைக்க விரும்புவோர் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். ஸஹரில் சாப்பிட்டால், தண்ணீர் குடிக்க முடியாத பகலில் உடல் நீரை இழக்கும். நிறுத்திவிட்டால் மூச்சிரைப்பு திரும்பும். நேரத்தை நாமாக மாற்ற வேண்டாம். நோயாளிகளுக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பதில் தயக்கம் வேண்டாம்.