ஆபீஸ் நேரத்தில் அஞ்சு நிமிஷம் யூடியூப்... தப்பா பாஸ்?

மதியம் மூன்று மணி. சாப்பிட்ட சாப்பாடு கண்ணைச் செருகுகிறது. எக்ஸெல் ஷீட்டில் எண்கள் எல்லாம் ஒன்றாகத் தெரிகின்றன. மெதுவாக இன்னொரு டேபைத் திறந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறீர்கள். பின்னால் மேனேஜரின் ஷூ சத்தம்... விரல் சட்டென்று 'ஆல்ட் - டேப்'புக்குத் தாவுகிறது!

இவ்வளவு பயம் தேவையில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டார், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் பிரென்ட் கோக்கர். 300 ஊழியர்களிடம் அவர் நடத்திய ஆய்வில், 70 சதவிகிதம் பேர் வேலைக்கு நடுவே சொந்த விருப்பத்துக்காக இணையத்தில் உலவுவது தெரியவந்தது. உலவாதவர்களைவிட இவர்களின் உற்பத்தித்திறன் சுமார் 9 சதவிகிதம் அதிகம். இவர்கள் அதிகம் பார்த்ததும் ஏடாகூடமான விஷயங்கள் அல்ல. வாங்க நினைக்கும் பொருள்களின் விவரங்களையும் செய்திகளையும்தான்.

காரணம் எளிது. வகுப்பில் 20 நிமிடங்கள் பாடம் கேட்டதும் கவனம் சிதறும், சின்ன இடைவேளை விட்டால் திரும்பி வரும் அல்லவா? அதேதான் இங்கும்.

ஆனால், இதைக் காட்டி மேனேஜரிடம் வாதாடும் முன் ஒரு விஷயம். மொத்த வேலை நேரத்தில் 20 சதவிகிதத்துக்குள் உலவியவர்களுக்குத்தான் அந்த 9 சதவிகிதக் கணக்கு. எட்டு மணி நேர வேலையில் அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம். இணையத்துக்கு அடிமையானவர்களின் வேலைத்திறன் குறைவு என்றும் கோக்கர் சொல்லியிருக்கிறார்.

அதோடு, அது 2009. அன்றைக்கு ஒரு செய்தியைப் படித்தால் பக்கம் முடிந்துவிடும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது 2020-ல். விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் இந்த 'இன்ஃபினிட் ஸ்க்ரோல்' முறையை 2006-ல் வடிவமைத்த ஆசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருந்தினார்.

வேலையில் மூழ்கியிருக்கும்போது 'டிங்' என்று வாட்ஸ்அப் கூப்பிடுவதும் இடைவேளை ஆகாது. அது குறுக்கீடு. வேலை தடைப்பட்டால் பழையபடி அதற்குத் திரும்ப சுமார் 23 நிமிடங்கள் ஆகும் என்கிறார், கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க்.

இதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் கவலை. ஜவுளிக்கடை ஊழியர்கள் உட்காருவதற்கே தமிழகத்தில் 2021-ல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது என்பது தனிக்கதை.

சரி, என்ன செய்யலாம்? நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, எப்போது இடைவேளை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஒரு பாட்டு, ஒரு செய்தி என முடிவு உள்ளதாகப் பாருங்கள். ரீல்ஸ்தான் வேண்டும் என்றால், திறப்பதற்கு முன்பே ஐந்து நிமிட அலாரம். கண்ணுக்கு மட்டும் இந்த இடைவேளை போதாது. கம்ப்யூட்டர் திரையிலிருந்து செல்போன் திரைக்கு மாறினால் அதற்கு ஓய்வு ஏது? 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருக்கும் எதையாவது 20 விநாடிகள் பாருங்கள். மேனேஜரின் கேபின் அந்தத் தூரத்தில் இருந்தால், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம்!