தொட்டிலும் உத்தியோகமும்

1987-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவில் வெளியான 'பேபி பூம்' என்னும் ஹாஸ்யப் படத்தின் ஆரம்பத்திலேயே, மன்ஹாட்டனில் உள்ள ஒரு நிர்வாக ஆலோசனைக் கம்பெனியின் முதலாளி, தம்மிடம் பல வருஷங்களாக உழைத்துவரும் ஜே.சி. வையாட் என்ற பெண்ணை விருந்துக்கு அழைத்து, அவளைக் கம்பெனியின் பங்காளியாக்கும் உத்தேசத்தை வெளியிடுகிறார். வெளியிட்ட கையோடு, தமக்கு எத்தனை பேரன் பேத்திகள் என்பதுகூடத் தமக்குத் தெரியாது என்றும், வீட்டையும் குழந்தைகளையும் மனைவி கவனித்துக்கொள்வதால் தமக்கு எல்லாமே கிட்டியிருக்கிறது என்றும் சொல்லி, ஒரு ஸ்திரீக்கு அந்தப் பாக்கியம் வாய்க்குமா என்று சந்தேகப்படுகிறார். அவளோ சற்றும் தயங்காமல், தனக்கு எல்லாமும் வேண்டியதில்லை என்று பதில் கூறிவிடுகிறாள். படத்தின் ஜீவநாடி இந்தச் சம்பாஷணையில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், அந்தப் பெரிய மனிதர் தம்மை அறியாமலே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறார்: அவருடைய உத்தியோக வாழ்வு என்ற மாளிகை, சம்பளமில்லாமல் உழைக்கும் ஒரு பெண்ணின் தோள்மீதே நிற்கிறது. ஜே.சி.க்கு அப்படித் தோள் கொடுக்க யாரும் இல்லை.

யேலிலும் ஹார்வர்டிலும் படித்துத் தேறி, பொழுது விடிவதற்குள் வேலையைத் தொடங்கி, சகாக்களிடையே 'பெண் புலி' என்று பெயர் வாங்கிய அவளுக்கு, இங்கிலாந்தில் விபத்தில் இறந்துபோன தூரத்து உறவினர் ஒருவர் ஏதோ ஆஸ்தியை விட்டுச் சென்றிருப்பதாகச் செய்தி வருகிறது. விமான நிலையத்துக்குப் போனால், அந்த ஆஸ்தி எலிசபெத் என்னும் பெண் குழந்தையாக அவள் கையில் ஒப்படைக்கப்படுகிறது. முக்கியமான விருந்துச் சந்திப்புக்கு நேரமாகிவிட்டபடியால், உணவு விடுதியில் விருந்தினர் தம் மேலங்கிகளைக் கொடுத்துவைக்கும் இடத்திலே குழந்தையையும் கொடுத்துவைத்துவிட்டு அவள் உள்ளே ஓடுகிறாள். கொட்டகை முழுவதும் சிரிப்பில் அதிரும் இடம் அது. ஆயினும் சற்று நின்று யோசித்தால், அன்றைய அமெரிக்க வர்த்தக உலகத்தில் ஒரு குழந்தையை வைப்பதற்கு வேறு இடம் ஏது? மேலங்கிக்கு ஓர் இடம் உண்டு, குடைக்கு ஓர் இடம் உண்டு. குழந்தைக்கு மட்டும் இடம் ஒதுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சார்லஸ் ஷையரும் நான்சி மேயர்ஸும் சேர்ந்து எழுதி, ஷையர் டைரக்ட் செய்து, மேயர்ஸ் தயாரித்த படம் இது. அக்காலத்தில் தம்பதிகளாக இருந்த அவர்கள், தாங்களும் குழந்தைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே படம் எடுத்தவர்களாதலால், வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நடக்கும் இழுபறியை அநுபவத்தால் அறிந்திருந்தார்கள். அந்த அநுபவத்துக்கு உடலும் குரலும் கொடுத்தவர் டயான் கீட்டன். 'ஆனி ஹால்' படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றிருந்த அவர், இதில் குழந்தையை முதலில் ஒரு தஸ்தாவேஜுக் கட்டைப் போல் இடுக்கிக்கொண்டு நடக்கிறார். நாளடைவில் அதே கை தானாக வளைந்து குழந்தையின் முதுகைத் தாங்கத் தொடங்குகிறது. தத்துக் கொடுப்பதற்காக ஒரு தம்பதியிடம் குழந்தையைக் கொண்டுபோய் விட்டவள், மனம் கேளாமல் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறாளே, அந்த மாறுதலை வசனம் எதுவும் விளக்குவதில்லை. கீட்டனின் முகம் விளக்குகிறது. தாய்மை என்பது பிறவியிலேயே பெண்ணுக்கு அமைந்துவிட்ட குணம் என்று பேசுகிறவர்கள் இந்த நடிப்பைச் சிரத்தையோடு பார்க்கவேண்டும். இங்கே தாய்மை கற்றுக்கொள்ளப்படுகிறது. அவள் தன் தொழிலைக் கற்றுக்கொண்டது எப்படியோ, அப்படியே.

குழந்தை வந்த பிறகு அவளோடு வாழ்ந்தவன் விலகிப் போகிறான். அவள் தேடிக் கொணர்ந்த பெரிய வாடிக்கையாளரின் பொறுப்பு, அவளுக்குக் கீழ் வேலை பார்த்த வாலிபனின் கைக்குப் போகிறது. அவளுக்கோ நாய்த் தீனி விற்கும் கம்பெனியின் விவகாரம் மிஞ்சுகிறது. யாரும் அவளைத் திட்டுவதில்லை, வெளியே போ என்று சொல்வதுமில்லை. அநுதாபத்தோடு பேசிக்கொண்டே அவளைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். எத்தனையோ ஸ்திரீகளுக்கு உண்மையில் நடந்தது இப்படித்தான் என்பதனாலே, படத்திலேயே மிகச் சத்தியமான பகுதி இது என்று சொல்லத் துணிகிறேன்.

பிற்பகுதியைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகப் புகழ எனக்கு மனம் வரவில்லை. வேலையை விட்டு வெர்மான்ட் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் பழைய வீடொன்றை வாங்கிக்கொண்டு போகிறாள். கிணறு வற்றிப்போகிறது, கூரை பழுதாகிறது, கையிருப்புக் கரைகிறது. பிறகு, குழந்தைக்காகக் காய்ச்சிய ஆப்பிள் கூழ் பட்டணத்துச் சுற்றுலாக்காரர்களிடம் விலைபோகத் தொடங்கி, பெரிய வியாபாரமாக வளர்ந்து, உள்ளூர்க் கால்நடை வைத்தியரின் காதலும் கைகூடி, எல்லாம் சுபமாகிறது. அந்த வைத்தியராக வரும் சாம் ஷெப்பர்டின் அடக்கமான நடிப்பு ஆறுதலாக இருக்கிறது என்பது மெய்தான். என்றாலும் வீடு வாங்கச் சேமிப்பும், சந்தையை அறிந்த படிப்பும் உடையவளுக்கே திறக்கிற வாசல் இது. தட்டச்சு அறையிலும் தொழிற்சாலையிலும் கைக்குழந்தையோடு திண்டாடிய லட்சக்கணக்கான தாய்மார்களுக்கு வெர்மான்டும் இல்லை, ஆப்பிள் தோட்டமும் இல்லை.

1991-இல் சூசன் ஃபலூடி தம்முடைய 'பேக்லாஷ்' என்ற நூலில், உத்தியோகப் பெண்களை வீட்டுக்குத் திருப்பியனுப்ப முயன்ற அக்காலப் போக்குக்கு உதாரணங்களுள் ஒன்றாக இந்தப் படத்தையும் வைத்துக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. பூரண நியாயம் இல்லை. முடிவில் அதே பழைய கம்பெனியும் அதே வாடிக்கையாளரும் அவளுடைய குழந்தை உணவு வியாபாரத்தை 30 லட்சம் டாலருக்கு வாங்க முன்வரும்போது, அவள் முதலில் பூரித்து, பின்பு யோசித்து, மறுத்துவிட்டு வருகிறாள். மறுப்பவள் தொழிலைத் துறந்த பெண் அல்ல; தன் தொழிலுக்குத் தானே எஜமானியான பெண். குழந்தையின் தொட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கணக்கு வழக்குப் பார்க்கும் உரிமையை அவள் யாரிடமும் யாசித்துப் பெறவில்லை. ஆரம்பத்தில் தனக்கு எல்லாமும் வேண்டாம் என்று சொன்னவள், இப்போது எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பிறருக்கு அளிக்க மறுக்கிறாள். இதைப் பின்வாங்கல் என்று எப்படிச் சொல்வது?

மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த கீட்டன், இந்தப் படம் வந்து ஒன்பது வருஷங்களுக்குப் பிறகு, தம்முடைய ஐம்பதாவது வயதில் ஒரு பெண் குழந்தையையும், 2001-இல் ஓர் ஆண் குழந்தையையும் தத்து எடுத்து வளர்த்தார், நடிப்பையும் நிறுத்தவில்லை. 2025 அக்டோபரில், 79-ஆவது வயதில் காலமானார்.

படம் தொடாமல் விட்ட விஷயம் ராஜாங்கத்தின் கடமை. நாடெங்கும் குழந்தைக் காப்பகங்கள் அமைக்க வழிசெய்த மசோதாவை 1971-இல் ஜனாதிபதி நிக்ஸன் நிராகரித்தார். குடும்ப விடுமுறை மசோதாவை ஜனாதிபதி புஷ் 1990-இலும் 1992-இலும் நிராகரித்தார். 1993 பிப்ரவரியில் ஜனாதிபதி கிளிண்டன் கையொப்பமிட்ட பிறகே, பெற்ற குழந்தைக்காகவும் தத்தெடுத்த குழந்தைக்காகவும் 12 வாரம் விடுப்பு எடுத்து, வேலையை இழக்காமல் திரும்பும் உரிமை நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. அதுவும் ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்களில்தான். அந்த 12 வாரத்துக்கும் சம்பளம் கிடையாது. தனியார் கம்பெனிகளில் உழைக்கும் தாய்மாருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையை நாடு முழுவதும் உறுதிசெய்யும் சட்டம் அமெரிக்காவில் இன்னும் இயற்றப்படவில்லை.