பழைய லாரி எஞ்சின் கொதிக்காமல் காப்பது எப்படி?



அண்ணாகிராமம் வட்டாரத்தில் கரும்பானால் நெல்லிக்குப்பம் ஆலைக்கு, பலாப்பழமானால் பண்ருட்டி மண்டிக்கு லோடு போகிறது. அந்தக் காலத்து லேலண்ட் காமெட்டோ, டாடா மெர்சிடிஸோ இன்னும் உங்களிடம் ஓடுகிறதென்றால், அக்னி நட்சத்திரம் வருமுன் சில வேலைகளை முடித்துவிட வேண்டும்.

டீசல் எரிந்து உண்டாகும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து ரேடியேட்டரில் கொண்டுபோய் ஆற்ற வேண்டும்.

அப்படியானால் எந்தத் தண்ணீரை ஊற்றுவது? பலரும் போர்வெல் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் எஞ்சினுக்குள்ளும் படியும். அந்தப் படிவு சூட்டை வெளியே விடாது. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருக்கும், எஞ்சின் மட்டும் வெந்துகொண்டிருக்கும். ஆகவே வடிகட்டிய மழைநீரையோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையோ பயன்படுத்துங்கள். துருப்பிடிக்காமல் இருக்க, டப்பாவில் போட்டுள்ள அளவுப்படி கூலண்ட் சேருங்கள். உப்பை எடுக்கிறேன் என்று ஆசிட் ஊற்றாதீர்கள். பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. ஆசிட் பட்டால் பற்றவைத்த இடம் அரித்து ஒழுகும்.

ரேடியேட்டரின் முன்பக்கம் கரும்புச் சோகையும் தூசியும் அடைத்தால் காற்று புகாது. எஞ்சின் ஆறியபின் ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொதுவாக அரை அங்குலம் இறங்கலாம், அதற்கு மேல் தொங்கக் கூடாது. வெயில் காலம்தானே என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியவும் வேண்டாம். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றும்.

இத்தனையும் செய்து, வழியில் முள் ஏறிவிட்டால்? ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். அழுத்தம் தாங்கும் மூடி போட்ட வண்டியில் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியே ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். “சாக்கைப் போட்டுத் திறந்தா போதும்ணே” என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். போதாது. ரேடியேட்டரின் மேல்பகுதி கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். பிறகு மூடியை மெள்ளத் திருகி, மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத் திறங்கள். எஞ்சினும் நன்றாக ஆறின பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டே வெடித்துவிடும்.

தப்பித்தவறி வெந்நீர் பட்டுவிட்டால், 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக்கொண்டே இருங்கள். மையோ, பேஸ்டோ தடவாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு மணி நேரம் தாமதித்தால் லோடு ஒன்றும் கெட்டுவிடாது. கண் போனால் திரும்ப வராது. டிரைவர் தம்பிகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.