தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று!

கடலுக்கு மேலே பாலம் கட்டிய தொழிலாளிகளைக் காப்பாற்றியது எது?

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பெரிய ஆபத்து வந்து, சிறிய நஷ்டத்தோடு போய்விட்டால் அப்படிச் சொல்வது வழக்கம். அமெரிக்காவில் ஒரு பாலம் கட்டியபோது இந்தப் பழமொழி அப்படியே பலித்தது!

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சான்பிரான்சிஸ்கோ என்ற நகரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் குறுகலான ஒரு கடல் வாய். அதற்கு "கோல்டன் கேட்" என்று பெயர். "பொன் வாசல்" என்று அர்த்தம். பெயர்தான் பொன் வாசல். அங்கே வீசுவதோ பேய்க்காற்று. அடிக்கடி மூடுபனி வேறு. கீழே ஆளை இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம்.

அந்த இடத்தில் தொங்குபாலம் கட்ட, 1933-ம் ஆண்டு ஜனவரி மாதம் வேலை தொடங்கியது.

பாலத்தைத் தாங்க 2 இரும்புக் கோபுரங்கள். ஒவ்வொன்றும் 746 அடி உயரம். இரண்டுக்கும் நடுவே 4,200 அடி தூரம். வண்டிகள் போகும் தளம் தண்ணீருக்கு மேலே சுமார் 220 அடி உயரத்தில் அமைந்தது. அத்தனை உயரத்தில் நின்றுதான் தொழிலாளிகள் வேலை செய்தார்கள்.

உயிருக்கும் கணக்கு!

அந்தக் காலத்தில் பாலம் கட்டுகிறவர்களிடம் ஒரு கொடுமையான கணக்கு இருந்தது. 10 லட்சம் டாலர் வேலைக்கு ஓர் உயிர் போகும் என்பதே அந்தக் கணக்கு.

கோல்டன் கேட் பாலத்துக்கு ஆன செலவு சுமார் 3½ கோடி டாலர். அப்படியானால் 35 பேர் சாக வேண்டும்!

அப்போது அமெரிக்காவில் கடுமையான வேலையில்லாத் திண்டாட்டம். ஆபத்தான வேலையானாலும் கிடைத்தால் போதும் என்று பலர் காத்திருந்தார்கள். "ஒருவன் போனால் இன்னொருவன்" என்று முதலாளிகள் நினைக்கக்கூடிய காலம் அது.

ஆனால், தலைமை என்ஜினீயர் ஜோசப் ஸ்ட்ராஸ் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. உயிரைக் காக்க என்னென்ன உண்டோ அத்தனையையும் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தார்.

கித்தான் தொப்பி

முதலில் தலையைக் காக்க வேண்டும். 200 அடி உயரத்திலிருந்து ஓர் ஆணி நழுவி விழுந்தால் என்ன ஆகும்? கீழே வரும்போது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கையளவு இரும்பு போதும், மண்டையைப் பிளக்க!

சான்பிரான்சிஸ்கோவில் புல்லார்ட் என்ற குடும்பத்தார் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வேண்டிய சாமான்களை விற்று வந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை எட்வர்ட் புல்லார்ட், முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர். போரில் சிப்பாய்கள் இரும்புத் தொப்பி அணிந்திருந்தார்கள். "சிப்பாயின் தலையைக் காக்கத் தொப்பி உண்டு. சுரங்கத்தில் உழைப்பவன் தலைக்கு ஏன் இல்லை?" இந்த எண்ணத்திலிருந்து பிறந்தது ஒரு புதுத் தொப்பி.

கித்தான் துணியை நீராவியில் பதப்படுத்தினார்கள். பசை கொண்டு இறுக்கினார்கள். மேலே கறுப்பு வர்ணம் பூசினார்கள். 1919-ம் ஆண்டு அந்தத் தொப்பி விற்பனைக்கு வந்தது.

அந்தத் தொப்பிதான் திருத்தி அமைக்கப்பட்டு, பாலம் கட்டுமிடத்துக்கு வந்து சேர்ந்தது. "தலைக்கவசம் இல்லாதவனுக்கு இங்கே வேலை இல்லை!" இது ஸ்ட்ராஸின் கண்டிப்பான விதி. தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்ட முதல் பெரிய வேலைத் தலங்களில் அதுவும் ஒன்று.

கண்ணுக்கும் மூச்சுக்கும்

தலையோடு நிற்கவில்லை. கண் கூசாமல் இருக்கக் கண்ணாடி கொடுத்தார்கள். குளிர்காற்றில் தோல் வெடிக்காமல் இருக்க, முகத்துக்கும் கைக்கும் களிம்பு கொடுத்தார்கள். தலைசுற்றல் வராமல் இருக்கத் தனிச் சாப்பாடு! முதல் நாள் இரவு குடித்துவிட்டு மயக்கம் தெளியாமல் வந்தவர்களுக்குப் புளித்த முட்டைக்கோசுச் சாறு!

இரும்பின் மேல் மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்கிறவர்களுக்கு வேறு கவசம். மணல் தூசி நுரையீரலை அரித்துவிடும். ஆகவே முகம் முழுவதையும் மூடும் கவசம் செய்தார்கள். பார்க்க ஒரு ஜன்னல். மூச்சு விடக் குழாய் வழியே நல்ல காற்று.

கோபுரத்துக்குள் இன்னொரு ஆபத்து ஒளிந்திருந்தது. இரும்பில் ஈயம் கலந்த வர்ணம் பூசியிருந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய ஆணியை அதில் அடித்தபோது நச்சுப் புகை எழுந்தது. தொழிலாளிகள் நோயில் விழுந்தார்கள். பிறகு அந்த வர்ணத்தையே மாற்றினார்கள். நஞ்சைத் தடுக்க முகமூடி போடலாம். நஞ்சே இல்லாமல் செய்வது அதைவிட நல்லது அல்லவா?

உயிர் காத்த வலை

1936-ல் பாலத்தின் தளம் போடும் வேலை தொடங்கியது. அப்போது ஸ்ட்ராஸ், தளத்துக்குக் கீழே கயிற்று வலை ஒன்றைக் கட்டினார். சர்க்கஸில் கட்டுவது போன்ற வலை! செலவு 1,30,000 டாலருக்கு மேல்.

செலவு வீண் போகவில்லை. கால் தவறி விழுந்த 19 பேரை அந்த வலை தாங்கிக்கொண்டது. பிழைத்தவர்கள் தங்களுக்கு வேடிக்கையாக ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். என்ன பெயர்? "நரகத்துக்குப் பாதி வழி சங்கம்!"

வேலை தொடங்கி 3 ஆண்டு 9 மாதம் வரை ஓர் உயிர்கூடப் போகவில்லை. 1936 அக்டோபர் 21-ந் தேதிதான் முதல் சாவு. ஒரு பளுதூக்கி சாய்ந்து ஒருவர் இறந்தார்.

அந்தக் கறுப்பு நாள்

1937 பிப்ரவரி 17. வேலை முடியும் தறுவாய்.

தளத்தின் அடியில் 5 டன் எடையுள்ள தொங்கும் மேடையில் சிலர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். திடீரென்று மேடையின் பிடிமானம் பெயர்ந்தது. மேடை வலையின் மேல் விழுந்தது. மனிதனைத் தாங்கும் வலை 5 டன்னைத் தாங்குமா? வலை கிழிந்தது. மேடையும் மனிதர்களும் கடலில் விழுந்தார்கள்.

விழுந்தவர்கள் 12 பேர். பிழைத்தவர்கள் 2 பேர்தான்.

தலையில் கவசம் இருந்தது. கீழே வலையும் இருந்தது. ஆனால் நிற்கும் மேடை உறுதியாக இல்லை. கவசம் கடைசிக் காவல். முதல் காவல் ஆகாது. மேடையையும் கயிற்றையும் கொக்கியையும் தினமும் சோதித்துப் பார்ப்பதே முதல் காவல்.

பாலம் 1937 மே 27-ந் தேதி திறக்கப்பட்டது. 35 பேர் சாவார்கள் என்ற கணக்கு பொய்த்தது. இறந்தவர்கள் 11 பேர். அந்த 11 பேருக்காக ஒரு வெண்கலப் பட்டயம் பாலத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

தொப்பி எப்படிக் காக்கிறது?

இன்று தலைக்கவசங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் வருகின்றன. கவசத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே வார்ப்பட்டைகள் இருக்கும். ஓடு தலையைத் தொடாதபடி அவை தூக்கிப் பிடிக்கின்றன. மேலே விழும் அடியை ஓடு பரப்பிவிடுகிறது. வார்ப்பட்டைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. நடுவில் உள்ள இடைவெளிதான் உயிர்! பீடிக்கட்டையும் கைக்குட்டையையும் அங்கே செருகி வைத்தால் கவசம் இருந்தும் பயன் இல்லை.

பலத்த அடி வாங்கிய கவசத்தை மறுபடி அணியக்கூடாது. வெளியே கீறல் தெரியாமல் இருக்கலாம். உள்ளே பலம் போயிருக்கும். வெயிலில் வெளுத்து, தொட்டால் நொறுங்குகிற கவசமும் உதவாது.

"வேர்க்கிறது, கனக்கிறது, நாலு பேர் சிரிப்பார்கள்" என்று கவசத்தைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

தொப்பி போனால் வேறு தொப்பி வாங்கலாம். தலை?