பயணம் முடிந்தது, படங்கள் வீடு சேரவில்லை

லேப்டாப்பில் கொஞ்சம், வீட்டுக் கம்ப்யூட்டரில் மீதி. இரண்டையும் ஒன்றாக்குவது வெறும் நகலெடுக்கும் வேலை என்று நினைப்பவர்கள் பறிகொடுப்பது படங்களை மட்டுமல்ல.

ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் 10 வரை கோஹிமா அருகே கிசாமாவில் நடக்கும் ஹார்ன்பில் விழாவுக்கு நாடெங்கிலுமிருந்து கேமராக்கள் படையெடுக்கின்றன. தினம் 300 படம் எடுப்பவரிடம் பத்து நாளில் 3,000 படங்கள் சேர்ந்துவிடும். ரா வடிவில் ஒரு படம் 25 எம்.பி. என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 75 ஜி.பி. தினமும் இரவில் அவற்றை லேப்டாப்பில் இறக்கி, தேறாதவற்றைக் கழித்து, நல்லவற்றுக்கு நட்சத்திரம் போட்டு, ஆடுவது எந்த இனக் குழு, என்ன நடனம் என்று குறிப்பு எழுதி முடிப்பதற்குள் நள்ளிரவாகிவிடும்.

வினை ஆரம்பிப்பது ஊர் திரும்பிய பிறகுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில் பல வருடப் படங்கள், லேப்டாப்பில் பத்து நாள் படங்கள். பலர் செய்வது ஒன்றுதான்: லேப்டாப்பிலிருந்து படங்கள் உள்ள ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றி வீட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது. படங்கள் வந்துவிடும். நட்சத்திரங்களும் குறிப்புகளும் நிறத் திருத்தங்களும் பெரும்பாலும் வராது. பத்து இரவுகளின் உழைப்பு லேப்டாப்பிலேயே தங்கிவிடும்.

காரணம் எளிது. அடோபி நிறுவனம் 2007-ல் வெளியிட்ட லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் படங்களைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை. பழைய நூலகங்களின் அட்டைப் பெட்டியைப் போன்றதுதான் அவற்றின் 'கேட்டலாக்'. எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு என்ன பெயர், என்ன திருத்தம் என்ற விவரம் மட்டுமே அதில் இருக்கும். புத்தகங்களை மட்டும் லாரியில் ஏற்றிவிட்டு அட்டைப் பெட்டியை மறந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது. மென்பொருளுக்குத் தெரியாமல் ஃபோல்டரை இடம் மாற்றினால் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி முளைக்கும்.

ஆகவே இணைக்க வேண்டியது கேட்டலாக்கை. லைட்ரூமில் இதற்கு நேர்வழி உண்டு. லேப்டாப்பில் அந்தப் பயணத்தின் படங்களைத் தேர்ந்தெடுத்து, மூலப் படங்களோடு சேர்த்துத் தனிக் கேட்டலாக்காக வெளி டிஸ்குக்கு ஏற்றுமதி செய்ய வேண்டும். பின்பு வீட்டுக் கம்ப்யூட்டரில் 'மற்றொரு கேட்டலாக்கிலிருந்து இறக்குமதி' என்ற கட்டளையைக் கொடுத்தால் படம், நட்சத்திரம், குறிப்பு, திருத்தம் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். புதிய படங்களை வீட்டு டிஸ்குக்கு நகலெடுக்கும்படி அப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெளி டிஸ்கைக் கழற்றிய மறுகணம் படங்கள் 'காணாமல்' போகும். ஒரே படத்தை இரு கம்ப்யூட்டரிலும் திருத்தியிருந்தால்? பழைய திருத்தத்தைத் தனிப் பிரதியாக வைத்துக்கொண்டு புதியதை ஏற்கும் வசதியும் அதில் இருக்கிறது.

ஆனால் இணைப்பதற்கு முன் கவனிக்க வேண்டிய கண்ணிகள் மூன்று. முதலாவது, பெயர். கேமராக்கள் பொதுவாக ஃபைல் பெயரில் நான்கு இலக்கங்களையே எண்ணுக்கு ஒதுக்குகின்றன. 9999 முடிந்ததும் மீண்டும் 0001. போன வருடக் கல்யாணப் படமும் இந்த வருட நாகாலாந்துப் படமும் ஒரே பெயரில் இருக்கலாம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போடும்போது கம்ப்யூட்டர் 'பழையதை நீக்கிவிடவா?' என்று கேட்கும். அவசரத்தில் 'சரி' என்று தட்டினால் கல்யாணப் படம் காலி. தேதி, நேரம், எண் மூன்றும் வருமாறு முதலிலேயே பெயர் மாற்றிவிடுவது உத்தமம்.

இரண்டாவது, கடிகாரம். இரண்டு கேமராக்களோடு சிங்கப்பூர் போனவர் ஒன்றில் மட்டும் உள்ளூர் நேரம் வைத்தால் இரண்டரை மணி நேரம் இடிக்கும். நேர வரிசையில் அடுக்கும்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலைச் சிற்றுண்டி வரும். படங்கள் தனித்தனியாக இருக்கும்போதே நேரத்தைச் சரிசெய்வது சுலபம். கலந்த பிறகு தலைவலி.

மூன்றாவது, இரட்டைப் பிறவிகள். ஒரே மெமரி கார்டை லேப்டாப்பிலும் வீட்டிலும் இறக்கியிருந்தால் ஒவ்வொரு படமும் இரண்டிரண்டு. பெயரை வைத்து இவற்றைப் பிடிக்க முடியாது. ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை ஒப்பிடும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் ஜேபெக் படத்துக்குள் ஒரு வரிக் குறிப்பை எழுதினாலே இந்த எண் மாறிவிடும். ஆகவே ஒப்பீட்டை முதலில் முடித்துவிட வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடலாமே என்று கேட்கலாம். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் ஏற்றினாலும் 75 ஜி.பி.க்கு 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலை ஊர் விடுதியில் அந்த வேகம் கிடைப்பதே அதிர்ஷ்டம். இலவசத்துக்கும் எல்லை உண்டு. கூகுள் போட்டோஸ் கணக்கின்றி இலவசமாகப் படம் சேமிக்கக் கொடுத்த வசதி 2021 ஜூன் 1-ல் முடிந்துபோனது. தவிர, கம்ப்யூட்டர்களைத் தானாக ஒத்திசைக்கும் சேவைகளில் ஒரு பக்கம் அழித்தது மறுபக்கமும் அழியலாம்.

மென்பொருள்களும் சிரஞ்சீவிகள் அல்ல. ஆப்பிளின் அபெர்ச்சர் விற்பனை 2015-ல் நின்றது. வீட்டுக்கு வீடு இருந்த பிகாசாவை கூகுள் 2016-ல் கைவிட்டது. அவற்றை மட்டும் நம்பித் திருத்தங்களையும் ஆல்பங்களையும் வைத்திருந்தவர்கள் புது மென்பொருளுக்கு மாறத் திண்டாடினார்கள். எனவே முக்கியக் குறிப்புகளை மென்பொருளோடு நிறுத்தாமல் படத்துக்குள்ளேயோ, பக்கத்தில் இருக்கும் எக்ஸ்எம்பி ஃபைலிலோ எழுதி வைப்பது புத்திசாலித்தனம். டிஜிகேம் போன்ற இலவச மென்பொருளும் இதைச் செய்யும்.

இணைத்து முடித்த கையோடு மெமரி கார்டையும் லேப்டாப்பையும் துடைப்பதுதான் கடைசித் தவறு. எண்ணிக்கை ஒத்துப்போகிறதா, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே அழிக்க வேண்டும். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய 3-2-1 விதி இங்கே கைகொடுக்கும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். அந்த மூன்றில் கேட்டலாக்கும் அடக்கம். கிசாமாவில் ஆடிய முதியவரின் முகத்தைப் படம் காப்பாற்றும். அவர் யார், எந்த ஊர், என்ன ஆடினார் என்பதைக் காப்பாற்றுவது அந்த இரவுகளில் எழுதிய குறிப்புகள் மட்டுமே.