கீசருக்குள் யார் கல் உருட்டுவது?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ அறை எடுப்பவர்கள் சாவியை வாங்கும் முன்பே கேட்கும் கேள்வி, “வெந்நீர் வருமா?” என்பதுதான். மார்கழி, தை மாதங்களில் கொல்லிமலைக் குளிர் அப்படி. வெந்நீர் வரும். பல இடங்களில் கூடவே ஒரு சத்தமும் வரும். சுவிட்சைப் போட்ட சில நிமிடங்களில், சுவரில் தொங்கும் கீசருக்குள் யாரோ கூழாங்கற்களை உருட்டுவதுபோல் கடகடவென்று கேட்கும். வெடித்துவிடுமோ என்று பயந்து பாதிக் குளியலில் வெளியே வருபவர்களும் உண்டு.

கீசரில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஒரு தொட்டி, அதற்குள் மின்சாரத்தில் சூடாகும் ஒரு குழல். மெக்கானிக்குகள் இதைக் காயில் என்பார்கள். வேண்டிய சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட், அது கைவிட்டால் காப்பாற்ற ஒரு கட்-அவுட், அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ள ஒரு சேஃப்டி வால்வு. மோட்டாரும் இல்லை, விசிறியும் இல்லை. பிறகு சத்தம் போடுவது யார்?

தண்ணீர்தான். நிலத்துக்குள் பாறையோடு நெடுநாள் உறவாடிய நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடு ஏறினால் அது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கேயே, அதாவது காயில்மேலேயே படியும். நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: ஊருக்கே பேர் வாங்கித் தந்த முட்டையின் ஓடும் பெரும்பாலும் இதே பொருள்தான். மலையில் ஓடை நீரைப் பயன்படுத்தும் வீட்டில் இந்த உப்பு பொதுவாகக் குறைவாக இருக்கும். போர் தண்ணீரை ஏற்றும் விடுதியில் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

உப்புப் படலத்துக்கும் காயிலுக்கும் இடையே கொஞ்சம் நீர் சிக்கிக்கொள்கிறது. வெளியே தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உள்ளே சிக்கிய நீரோ கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவிக்குமிழி படலத்தின் விரிசல் வழியே வெளியேறிக் குளிர்ந்த நீரைத் தொட்டதும் நொடியில் சுருங்கி நொறுங்குகிறது. அது விட்ட வெற்றிடத்தில் சுற்றியுள்ள நீர் வந்து மோதுகிறது. நாம் கேட்பது அந்த மோதலை. ஒன்று என்றால் ‘டக்’. ஆயிரக்கணக்கில் என்றால் கடகட.

டீ கெட்டில் கொதிக்கும் முன் முனகுவதும் இதனால்தான். இந்தக் கெட்டில் முனகலுக்குப் பொறியியல் அறிஞர் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் தந்த விளக்கத்தைப் படித்துத்தான் இயற்பியலாளர் ராலே பிரபு குமிழி நொறுங்கும் கணக்கைப் போட ஆரம்பித்தார். அதற்குள், கப்பலை உந்தும் விசிறிகளுக்குப் பின்னால் எழும் குமிழிகள் பற்றி நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸும் இதே கேள்வியோடு இருப்பது அவருக்குத் தெரியவந்தது. 1917இல் வெளியான ராலேயின் கட்டுரை, நொறுங்கும் குமிழியின் அருகே அழுத்தம் எவ்வளவு பயங்கரமாக உயரும் என்று காட்டியது. சமையலறைச் சத்தத்தில் தொடங்கி கப்பல் பொறியியலுக்குப் போன கணக்கு அது.

‘மலை உயரத்தால் சத்தமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. 1200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதிக்கும். மூடிய கீசருக்குள் மாடித் தொட்டியின் அழுத்தம் இதைச் சற்று உயர்த்திவிடும். ஆகவே மலையின் பங்கு சொற்பம். குளிரின் பங்குதான் அதிகம். 28 டிகிரியில் உள்ள 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் காயிலுக்கு ஏறக்குறைய 17 நிமிடம் போதும். மலைக்காலையில் 15 டிகிரியில் தொடங்கினால் 23, 24 நிமிடம் ஆகும். வோல்டேஜ் 230இலிருந்து 180க்கு இறங்கிவிட்டால் காயிலின் சக்தி சுமார் 1225 வாட்டாகச் சுருங்கி, அதே வேலைக்கு 38 நிமிடம் தேவைப்படும். பொறுமை இழந்தவர் திருகைக் கடைசிவரை திருப்பிவிடுகிறார். அதனால் தண்ணீர் ஒரு நிமிடம்கூட முன்னதாகச் சுடாது. எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டுமே திருகு சொல்கிறது. ஆனால் சூடு ஏற ஏற உப்பு இன்னும் வேகமாகப் படியும். அடுத்த மாதச் சத்தத்துக்கு இன்றே அச்சாரம்.

மெக்கானிக்குகளின் புலம்பல் இங்கிருந்து தொடங்குகிறது. கீழேயிருந்து வளைவுகள் ஏறி வந்து சுவிட்சைப் போட்டால் சத்தம் வராது. காலையில் எல்லாரும் குளித்து முடித்தபின் மறுபடி காய்ந்த தொட்டித் தண்ணீர் சூடாகவே இருக்கும், தெர்மோஸ்டாட் காயிலுக்கு மின்சாரம் விடாது. “தம்பி, ஒரு தட்டு தட்டிப் பாருங்களேன்” என்பார் வீட்டுக்காரர். கழற்றலாம் என்றால், கீசரைக் கூரையோடு ஒட்டி மாட்டியிருப்பார்கள், அல்லது கீழே காயிலை உருவ ஒரு சாண் இடம்கூட விட்டிருக்க மாட்டார்கள். தண்ணீரை அடைக்கத் தனி வால்வு இருக்காது. ஒரு கீசருக்காக வீட்டுத் தண்ணீர் முழுவதையும் நிறுத்த வேண்டும். போல்ட் துருப்பிடித்து முறியும். முறிந்ததற்கும் அவர்தான் பொறுப்பு.

ஒருவழியாகத் திறந்தால், காயில் இருந்த இடத்தில் விரல் தடிமனுக்கு வெள்ளைப் பாறை. தட்டினால் ஓடு ஓடாக உதிரும், அடியில் சேறாகவும் கிடக்கும். கூடவே ஒரு மெலிந்த கம்பி நுனி வரும். இரும்புத் தொட்டிகளில் மெக்னீசியத் தண்டு ஒன்று வைத்திருப்பார்கள். இரும்புக்குப் பதில் தான் அரிபட்டுக் கரைவதே அதன் வேலை. கரைந்தபின் மாற்றவில்லை என்றால் அடுத்து ஓட்டை விழுவது தொட்டியில்தான். எல்லாவற்றையும் விட அவர்கள் வெறுப்பது ஒரு வேண்டுகோளை: “கட்-அவுட் அடிக்கடி விழுது, டைரக்ட்டா கொடுத்துடுங்க.” உயிர் காக்கும் பாகத்தைக் கழற்றச் சொல்வது அது. மறுக்கும் மெக்கானிக்கை வேலை தெரியாதவர் என்று பேசுவது அநியாயம்.

கனடாவில் ஸ்கார்பரோ பக்கம் குடியேறிய நம் உறவினர்களுக்கும் சத்தக் கவலை உண்டு. அங்கே நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்கும் வாயு ஃபர்னஸ்தான் குற்றவாளி. வாயு உடனே பற்றாமல் கொஞ்சம் சேர்ந்தபின் பற்றினால் ‘டமார்’ என்னும். சூடான காற்று போகும் தகரக் குழாய் விரிந்து சுருங்கினால் ‘டங்’ என்னும். இரண்டாவது தொல்லை மட்டுமே. முதலாவதைச் சரிசெய்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

கீசர் கடகடத்தால் திருகை 55, 60 டிகிரியில் நிறுத்துங்கள். உப்புத் தண்ணீர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சிட்ரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கும். மெக்னீசியத் தண்டைக் கண்ணில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். புதிதாக மாட்டும்போது அடியில் காயிலை உருவ இடமும், பக்கத்தில் ஒரு வால்வும் விடுங்கள். சேஃப்டி வால்வு சொட்டினால் அதை அடைக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்காமல், அன்று விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு மெக்கானிக்கை அழையுங்கள்.